அயனிச் சிறையா, அயனிப்பொறியா?

குவாண்டம் கணினி பற்றித் தமிழில் யார் வாய் திறந்தாலும் ‘அயனிச் சிறை’ வந்து விழுகிறது. மின்னூட்டம் பெற்ற அணுதான் அயனி; அதை வெட்டவெளியில் பிடித்து வைத்துக் கணக்குப் போடவைக்கும் கருவிக்கு, ஆங்கிலத்தில் ion trap, இவர்கள் வைத்த பெயர் இது. போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு மாணவர் பட்டறையில் பேசியவர், வெண்பலகையில் கம்பி, பூட்டு, உள்ளே சிரிக்கும் ஓர் உருண்டை என்று படமே வரைந்துவிட்டார்.

முதல் பாதியில் சிக்கல் இல்லை. அயன் என்றால் கிரேக்கத்தில் ‘போவது’. 1834இல் ஃபாரடே வழக்குக்குக் கொண்டுவந்தார், நம் பாடநூல்கள் அயனி ஆக்கின. அயனி என்று ஒரு பலா மரமும் உண்டு. அதனால் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

சண்டை ‘சிறை’யோடுதான். சிறை என்றால் சுவர் வேண்டும். இங்கே சுவரே கிடையாது. மின்புலத்தை உண்டாக்கும் உலோக மின்முனையை அயனி தொட்டால் ஆட்டம் முடிந்தது. மாறாத மின்புலத்தை மட்டும் வைத்து மின்னூட்டமுள்ள துகளை வெட்டவெளியில் நிறுத்த முடியாது என்று 1842இலேயே ஆங்கிலேயக் கணிதவியலாளர் எர்ன்ஷா காட்டிவிட்டார். ஒரு திசையில் அடைத்தால் இன்னொரு திசையில் நழுவும். ஜெர்மன் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பால் என்ன செய்தார்? நழுவும் திசையையே மாற்றிக்கொண்டிருந்தார். வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை புலம் புரளும்; அயனி தப்பிக்கப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் அடைபட்டிருக்கும். 1989 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்குத்தான். ஓயாமல் இயங்கும் இப்படியொரு சூழ்ச்சிக்குத் தமிழில் பொறி என்று பெயர். எலிப்பொறியில் அது கண்ணி, பொறியியலில் இயந்திரம். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கும்போது சிறைக்குப் போவானேன்?

“எலி ஞாபகம் வருகிறதே” என்கிறார்கள். வரட்டுமே! மலாயில் எலிக்கும் அயனிக்கும் ஒரே பெராங்காப்தான், அவர்கள் கூச்சப்படவில்லை.

வடிவமைப்பு என்று வந்தால் சிறை இன்னும் மோசம். இப்போதெல்லாம் தட்டையான சில்லின்மேல் தங்க மின்முனைகளைப் பதித்து, தலைமுடித் தடிமன் அளவு உயரத்தில் அயனிகளை மிதக்க விடுகிறார்கள். உயரத்தைக் குறைத்தால் பிடி இறுகும். கூடவே உலோகப் பரப்பின் மின்னிரைச்சல், அதாவது மின்புலத்தின் ஒழுங்கற்ற நடுக்கம், அயனியைச் சூடேற்றிக் கணக்கைக் கெடுக்கும். இந்த இழுபறியில்தான் வடிவமைப்பாளரின் பாதி வேலை. அப்புறம், மின்னழுத்தங்களை மாற்றி மாற்றி அயனியைச் சேமிப்பிடத்திலிருந்து கணக்குப் போடும் இடத்துக்கு நகர்த்துவார்கள். இதைக் ‘கைதி மாற்றம்’ என்று மொழிபெயர்ப்பார்கள் போலிருக்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குப் ‘பொறிச் சில்லு’ என்றால் பளிச்சென்று புரியும். ‘சிறைச் சில்லு’ என்றால்?

குவாண்டத்தைத் துளிமம் ஆக்குவதா குவையம் ஆக்குவதா என்று புலனக் குழுக்களில் விடிய விடிய அடித்துக்கொள்பவர்களும் சிறையைக் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுகிறார்கள். தூய தமிழ்தானே, போதும் என்ற நினைப்பு. கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த சுவரொட்டி அச்சுக்குப் போய்விடுகிறது.