வெக்டர்: கடத்தியா, காவியா?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் டெங்கி என்றால் அடுத்த வார்த்தை வெக்டர்தான், அதாவது நோய்க்கிருமியைச் சுமந்து பரப்பும் உயிரி. பக்கத்து வீட்டு அக்காவின் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது, கால்நடை மருத்துவரும் அதையே சொன்னாராம். “கொசுவும் வெக்டர், உண்ணியும் வெக்டர். தமிழில் என்னப்பா சொல்வது?” என்று மின்தூக்கியில் கேட்டார்.

லத்தீனில் ‘வெஹேரே’ என்றால் சுமந்து செல்லுதல். அதைச் செய்வது வெக்டர். ‘வெஹிக்கிள்’ அதே வேரில் வந்தது. மயிலுக்கும் மூஞ்சூறுக்கும் நாம் சொல்லும் ‘வாகனம்’ வடமொழி வழியாக வந்த தூரத்துச் சொந்தம்.

தமிழில் பரவலாக இருப்பது ‘நோய்க்கடத்தி’. எனக்கு அது ஒட்டவில்லை. கடத்தல்காரன் நினைவுக்கு வருவதைக்கூட விட்டுவிடலாம். செம்புக் கம்பி ஒரு கடத்தி. எங்கிருந்து வரும் மின்சாரமானாலும் ஒன்றுபோலக் கடத்தும். உண்ணி அப்படி இல்லையே!

வட அமெரிக்காவில் லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். திருகுச் சுருள் வடிவம். மான் உண்ணியின் குடலில் ஒட்டிக்கொண்டு, அது தோலுரித்து வளரும் வரை காத்திருக்கும். அடுத்த முறை உண்ணி கடிக்கும்போது குடலைத் துளைத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அங்கிருந்து நம் உடம்புக்குள் இறங்கும். இதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் உண்ணியைச் சீக்கிரம் பிடுங்கச் சொல்கிறார்கள்.

அதே பாக்டீரியா அமெரிக்க நாய் உண்ணிக்குள் போனால் பிழைப்பது கடினம். அதன் உடல்நீரில் சுரக்கும் டிஃபென்சின் என்ற சிறு புரதம் அதைக் கொன்றுவிடும். பெண்ணின் முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளியுள்ள லோன் ஸ்டார் உண்ணிக்கு உமிழ்நீரே ஆயுதம். சரி, இவை இரண்டும் நல்ல பிள்ளைகளா? அதுவும் இல்லை. நாய் உண்ணி ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலின் ரிக்கெட்சியா பாக்டீரியாவைச் சுமக்கும். லோன் ஸ்டார் எர்லிக்கியா என்ற இன்னொரு பாக்டீரியாவைச் சுமக்கும். எந்த உண்ணி, எந்த பாக்டீரியா என்ற ஜோடிப் பொருத்தம்தான் கணக்கு.

இதற்குப் பொருந்தும் சொல் இலங்கைத் தமிழில் இருக்கிறது. அங்கே கணிதப் பாடத்து வெக்டரே ‘காவி’தான். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியிலும் இருப்பது அந்தச் சொல்தான். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் எடுக்கும் காவடி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் இறக்கினால் கணக்கில்லை. பொரேலியாவைக் குடித்த நாய் உண்ணி பாதி வழியில் இறக்கிய ரகம்.

ஆகவே வெக்டருக்கு ‘நோய்க்காவி’, சேர்ப்பிக்கும் திறமைக்குக் ‘காவுதிறன்’ என்பது என் பரிந்துரை. ‘நோய்’ முன்னால் நிற்பதால் காவி நிறத்தோடு குழம்பாது. அக்கா வீட்டு நாயைக் கடித்த பழுப்பு நாய் உண்ணி, நாய்களைத் தாக்கும் எர்லிக்கியாவுக்குச் சரியான காவி.

அப்புறம் ஒன்று. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸைக் காவுவது உண்மையில் உண்ணி அல்ல. அதைவிடப் பொடியான ஒரு பூச்சியின் ஆறுகால் இளம்பருவம். அதைச் ‘சிற்றுண்ணி’ எனலாமே என்றேன். அக்கா காதில் ‘சிற்றுண்டி’ என்று விழுந்து, தோசை இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.