பாரித்தோ கரையின் புளித்த மண்

போர்னியோ தீவின் உள்மலைகளில் பிறக்கும் பாரித்தோ ஆறு, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தெற்கு நோக்கி ஓடி ஜாவாக் கடலில் கலக்கிறது. கடலை நெருங்கும் கடைசிப் பகுதியில் அதன் இரு கரைகளிலும் பரந்து கிடப்பது, இந்தோனேசியாவின் தென் காலிமந்தான் மாகாணத்தைச் சேர்ந்த தட்டையான சதுப்பு நிலம். அங்கே மரக்கால்களின் மேல் வீடு கட்டி, ஆற்றையே தெருவாகக் கொண்டு வாழும் பஞ்சார் மக்கள் பல தலைமுறைகளாக நெல் விளைவித்து வருகிறார்கள். தண்ணீருக்குக் குறைவில்லாத அந்த நிலத்தில் நெல் பயிரிடுவது எளிது என்று தோன்றலாம். உண்மையில், உலகின் மிகக் கடினமான வேளாண் நிலங்களில் அதுவும் ஒன்று. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே, பல இடங்களில் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், காற்றுப் பட்டால் கந்தக அமிலத்தைச் சுரக்கும் களிமண் அடுக்கு படிந்திருக்கிறது. அந்த அடுக்குக்குக் காற்று எட்டாமல் பார்த்துக்கொள்வதில்தான் அவ்வூர்களின் வேளாண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்த அடுக்கு உருவான கதை பல ஆயிரம் ஆண்டுகள் பழையது. கடல் இப்போதைய கரையைத் தாண்டி உள்ளே பரவியிருந்த காலத்தில், இந்த நிலம் அலையாத்திக் காடுகளின் சேறாக இருந்தது. கடல்நீரில் சல்ஃபேட் உண்டு. ஆறு கொண்டுவந்த வண்டலில் இரும்பு உண்டு. மட்கும் இலைகளும் வேர்களும் கரிமப் பொருளைத் தந்தன. காற்றில்லாத சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அந்தக் கரிமப் பொருளை உண்டு, ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைப் பயன்படுத்திச் சுவாசித்தன. அப்போது வெளிப்பட்ட சல்ஃபைடு இரும்புடன் சேர்ந்து பைரைட் என்னும் நுண்படிகமாகச் சேற்றில் தங்கிவிட்டது. பின்னர் கடல் பின்வாங்க, மேலே ஆற்று வண்டலும், நன்னீர்ச் சதுப்புத் தாவரங்கள் முழுதும் மட்காமல் படிந்த கரிமண்ணும் மூடின. நீர் தேங்கி நிற்கும்வரை பைரைட் யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

நீர்மட்டம் இறங்கி மண் வெடித்தால் நிலைமை மாறுகிறது. வெடிப்புகள் வழியே நுழையும் ஆக்சிஜன் பைரைட்டைச் சிதைத்து, இரும்பையும் கந்தக அமிலத்தையும் விடுவிக்கிறது. தொடக்கத்தில் மெதுவாக நடக்கும் இவ்வினை, மண்ணின் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) 4-க்குக் கீழே வந்தவுடன் வேகம் பிடிக்கிறது. ஏனெனில் அந்த அமிலச் சூழலில் செழிக்கும் வேறு சில பாக்டீரியாக்கள் கரைந்த இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அப்படி மாறிய இரும்பு, ஆக்சிஜனைவிட வேகமாகப் பைரைட்டைத் தாக்குகிறது. பி.எச். 3 வரைகூட இறங்கும் அந்த மண்ணில் களிமண் துகள்களிலிருந்து அலுமினியம் கரைந்து வெளிவந்து வேர்களைக் கருக்குகிறது. பயிருக்குத் தேவையான பாஸ்பரசையும் அது பிடித்துவைத்துக்கொள்கிறது. வெட்டிப் போட்ட மண்கட்டியில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் தென்பட்டால், அந்த இடத்தில் அமிலம் பிறந்துவிட்டது என்று பொருள். ஜாரோசைட் என்ற கனிமம் தரும் நிறம் அது.

அப்படியானால் வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைத்தால் போதாதா என்ற கேள்வி எழும். போதாது என்பதே இந்த மண்ணின் சிக்கல். ஏற்கெனவே அமிலமான மண்ணில் நீர் தேங்கினால், இரும்பு மீண்டும் கரையும் வடிவத்துக்குத் திரும்புகிறது. அந்த மாற்றத்தில் அமிலத்தன்மை ஓரளவு குறைவது உண்மைதான். ஆனால் கரைந்த இரும்பு நெற்பயிருக்கு நஞ்சாகி, இலைகள் செம்பு நிறமேறிக் காய்கின்றன. தேங்கிய வாய்க்கால்களில் நீரின் மேல் எண்ணெய் போலப் பளபளக்கும் ஒரு படலத்தைப் பார்க்கலாம். குச்சியால் தொட்டால், எண்ணெயாக இருந்தால் சுழன்று மீண்டும் ஒன்றுசேரும். இதுவோ சில்லுச் சில்லாக உடைந்து விலகும். இரும்பும் அதைச் சார்ந்து வாழும் பாக்டீரியாக்களும் சேர்ந்து உண்டாக்கும் படலம் இது. ஆகவே மண்ணுக்கு வேண்டியது வெறும் நீரன்று. உள்ளே வந்து, நஞ்சைக் கரைத்து, வெளியே எடுத்துச் செல்லும் ஓடும் நீர் வேண்டும்.

அந்த நீரை ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும், தருகிறது. கடல் ஏற்றம் கொள்ளும்போது ஆற்றுநீர் கடலுக்குள் இறங்க இடமின்றிப் பின்வாங்கி உயர்கிறது. இவ்வாறு உயர்வது பெரும்பாலும் ஆற்றின் நன்னீரே. உப்புநீர் கனமானது என்பதால் கழிமுகத்தில் அடித்தளத்தை ஒட்டியே நுழைய முயலும். மழைக்காலத்தில் ஆற்றின் வேகம் அதைத் தடுத்துவிடும். கோடையில் ஆறு மெலியும்போது உப்பு உள்நோக்கி ஏறிவரும். இவ்வாறு நிலவின் போக்கை ஒட்டி ஏறக்குறைய இரு வாரங்களுக்கு ஒருமுறை வலுத்தும் மெலிந்தும் வரும் ஓதம், எந்த இயந்திரமும் இல்லாமல் நன்னீரை வயலுக்கு ஏற்றி, வற்றும்போது வடித்தும் விடுகிறது. இந்தோனேசிய வேளாண் அறிவியலாளர்கள் சதுப்பு நிலத்தை இந்த அடிப்படையிலேயே நான்காகப் பிரிக்கிறார்கள். பெரிய ஏற்றம், சிறிய ஏற்றம் இரண்டிலும் நனைவது முதல் வகை. பெரிய ஏற்றத்தில் மட்டும் நனைவது இரண்டாவது. மற்ற இரண்டிலும் நீர் மேலேறி வருவதில்லை. மூன்றாவதில் நிலத்தடி நீர் அரை மீட்டருக்குள் நிற்கும், நான்காவதில் அதற்கும் கீழே இருக்கும்.

ஓதத்தை நிலத்துக்குள் அழைத்துவர பஞ்சார் மக்கள் வெட்டிய வாய்க்காலுக்கு ஹண்டில் என்று பெயர். ஆற்றிலிருந்து பொதுவாக இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே செல்லும் இந்த வாய்க்காலின் ஆழம் ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. கையால் வெட்டியதால் ஆழம் குறைந்தது என்று மட்டும் இதைக் கருதிவிட முடியாது. ஆழமான வாய்க்கால் சுற்றுப்புற நிலத்தடி நீரை வடித்துப் பைரைட் அடுக்கை வெளிக்காட்டிவிடும். ஆழம் குறைந்த வாய்க்காலோ மேல்மண்ணை மட்டும் கழுவும். இரு ஆறுகளை இணைக்கும் பெரிய கால்வாய்கள் அஞ்சிர் எனப்படும். பாரித்தோவையும் மேற்கே உள்ள கப்புவாஸ் முருங் ஆற்றையும் இணைக்கும் சுமார் 28 கிலோமீட்டர் நீளமான அஞ்சிர் செராபத், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு ஆட்சிக் காலத்தில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டது. மக்கள் அதன் இரு பக்கங்களிலும் தங்கள் ஹண்டில்களை வெட்டி அதை வேளாண்மைக்கும் உரியதாக்கிக்கொண்டார்கள்.

உழவு முறையில் இந்த அறிவு இன்னும் நுட்பமாக வெளிப்படுகிறது. இங்கே மரபாக ஏர் ஓட்டுவதில்லை. நீண்ட கைப்பிடியும் வளைந்த நீள அலகும் கொண்ட தாஜாக் என்னும் கருவியை, தேங்கிய நீரில் நின்றபடி வீசுகிறார்கள். அலகு நீருக்கடியில் மண்ணின் மேல்தோலை மட்டும் உரசிச் சென்று புல்லை வேரோடு அறுக்கிறது, கீழ்மண் புரள்வதில்லை. அறுத்த புல்லை உருண்டைகளாகத் திரட்டி ஊறவைத்து, இடையில் புரட்டிப்போட்டு, மட்கியபின் வயலெங்கும் பரப்புகிறார்கள். மட்கும் புல் பயிருக்கு உரமாவதோடு, நீரிலுள்ள ஆக்சிஜனையும் முதலில் தானே செலவழித்துக் கீழே உள்ள அடுக்கைக் காக்கிறது. பைரைட் என்ற பெயர் அந்த ஊர்களை எட்டுவதற்கு வெகு காலம் முன்பே உருவான வழக்கம் இது என்பது என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

நாற்றின் பயணமும் மண் கழுவப்படும் காலத்தோடு இணைந்தது. அக்டோபர், நவம்பரில் மழை தொடங்கும்போது மேட்டு நிலத்தில் விதைக்கும் நிலைக்குத் தாராடாக் என்று பெயர். நாற்பது நாள் அளவில் அதைப் பிடுங்கி வயலின் ஓரத்தில் நடுவது அம்பாக். பிறகு தூர் பிரித்து மேலும் அகன்ற இடத்தில் நடுவது லாச்சாக். மார்ச், ஏப்ரலில் வயல்நீர் வடியத் தொடங்கும்போது, முழங்காலுக்கு மேல் உயர்ந்த உரமான நாற்றுகள் முழு வயலுக்கும் போகின்றன. அதற்குள் பல மாத மழையும் ஓதமும் கோடையில் பிறந்த அமிலத்தைப் பெருமளவு அகற்றியிருக்கும். இப்படி நடப்படும் சியாம், பாயார் போன்ற நாட்டு நெல்வகைகள் பகற்பொழுதின் நீளத்தை உணர்ந்து பூப்பவை. நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை தெற்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 20 நிமிடமே வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாட்டையே இந்த நெல் கண்டுகொள்கிறது. விளைச்சல் எக்டேருக்கு இரண்டு மூன்று டன்தான். ஆனால் அமிலத்தையும் இரும்பையும் தாங்கும் திறனில் குறுகிய கால வகைகள் பலவும் அதற்கு ஈடாவதில்லை.

இந்த நிதானத்தைப் புறக்கணித்ததன் விளைவு அண்டை மாகாணமான மத்திய காலிமந்தானில் தெரிந்தது. 1995இல் அதிபர் சுகார்த்தோ தொடங்கிய பெரும் நெல் திட்டம், பத்து லட்சம் எக்டேர் சதுப்பை வயலாக்க முனைந்து, 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய்களை வெட்டியது. அவற்றுள் பெரியவை ஆழமான கரிமண் மேடுகளை ஊடறுத்துச் சென்றன. மேடுகள் வடிந்து உலர்ந்தன. 1997இன் கடும் வறட்சியில் தீப்பற்றி எரிந்தன. கரிமண் எரிந்தும் இறுகியும் தேய்ந்த பல இடங்களில் கீழிருந்த பைரைட் களிமண் வெளிப்பட்டது. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் அங்கேயே இருக்கின்றன. அவற்றை அடைக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

ஹண்டில் முறையிலும் குறை உண்டு. வாய்க்காலின் உள்முனை மூடியிருப்பதால், ஆற்றிலிருந்து தொலைவிலுள்ள வயல்களின் அமிலநீர் ஒரே வற்றத்தில் வெளியேறாமல் முன்னும் பின்னும் அலைகிறது. நீர் ஒரு வாய்க்காலில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறும்படி மதகுகள் அமைக்கும் ஒருவழிப் பாய்ச்சல் முறை இதற்குத் தீர்வாகப் பரிந்துரைக்கப்படுகிறது. கோடையில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: வாய்க்காலுக்குக் குறுக்கே தாபாத் என்னும் சிறு தடுப்பணை கட்டி, நிலத்தடி நீர் பைரைட் அடுக்குக்குக் கீழே இறங்காமல் பிடிக்க வேண்டும். ஆனால் அதே வாய்க்கால்தான் ஊரின் சாலையும். தாபாத் அடைத்தால் இயந்திரப் படகு நுழைய முடியாது. ஆகவே எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம், எப்போது திறந்து முதல் மழையின் புளித்த நீரை வெளியேற்றுவது என்பதை ஒவ்வொரு பருவத்திலும் ஹண்டில் தலைவரும் வயல்காரர்களும் கூடிப் பேசியே முடிவு செய்கிறார்கள்.