அப்பாவ படம் புடிச்ச ரெண்டு பசங்க

நான் குடி, போதையில இருந்து மீட்க உதவுற ஆலோசகர். போன மீன்பிடி தடைக்காலத்துல மண்டபம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா என்னப் பாக்க வந்தாங்க, கடல்ல பாசி எடுக்கிறவங்க, விரல் அறுபடாம இருக்க துணி சுத்தி சுத்தி விரல் பத்தும் வெளுத்து ஊறிப்போய் கெடந்துச்சு. கூட காலேஜ் படிக்கிற மகன். (ஆளு யாருன்னு தெரியாதபடி சில விஷயத்த மாத்திதான் எழுதுறேன்.) வீட்டுக்காரரு போட்டுல போறவரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தொழில் கெடையாது, கையில காசு இல்ல, ஆனா குடி மட்டும் கடன வாங்கியாச்சும் நடக்குது. ஒருநாள் மத்தியானம் கைலி வெலகி வாசல்ல கெடந்தவர இந்தப் பையன் போன்ல வீடியோ எடுத்து சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல போட்டுட்டான்.

"வெக்கப்பட்டாவது விடுவாருன்னு நெனச்சேன் சார்."

அவரு விடல. பகல்ல வெளிய வர்றத விட்டாரு, மச்சான் வீட்டு கல்யாணத்துக்குப் போறத விட்டாரு, மகன்கிட்ட பேசுறத விட்டாரு. ராத்திரி தனியா ஒக்காந்து முன்ன விட அதிகமா குடிக்க ஆரம்பிச்சாரு. ஆலோசகரா இத்தன வருஷத்துல நான் திரும்பத் திரும்ப பாக்குறது இதுதான். அவமானம் குடிய நிறுத்தாது, குடிக்கிறதுக்கு இன்னொரு காரணத்தக் குடுத்துட்டுப் போயிரும்.

அன்னைக்கு அந்தத் தம்பிக்கு இங்கிலாந்துக்காரர் ஒருத்தரோட போட்டோக்கள காமிச்சேன். ரிச்சர்ட் பில்லிங்ஹாம்னு பேரு, பர்மிங்ஹாம் பக்கத்துல சின்ன ஃபிளாட் வீடு, அப்பா ரே முழுநேரக் குடிகாரரு. பையன் ஓவியம் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, பெயிண்டிங் வரையறதுக்கு மாதிரிக்காக வீட்லயே அப்பா அம்மாவ போட்டோ எடுக்க ஆரம்பிச்சாரு. அது 1996ல புத்தகமா வந்து, 1997ல லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில இடம்புடிச்சு, 2001ல அங்க பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசுக்குப் பரிந்துரை வரைக்கும் போச்சு. அப்பா டாய்லெட் பக்கத்துல சரிஞ்சு ஒக்காந்திருப்பாரு. அம்மா லிஸ் கையெல்லாம் பச்ச குத்திக்கிட்டு, துண்டு துண்டா இருக்கிற படத்த சேத்து வெளையாடிக்கிட்டு இருப்பாங்க. ஒரு படத்துல பூன அந்தரத்துல பறக்குது.

தம்பி ரொம்ப நேரம் பாத்துட்டு கேட்டான், "நான் எடுத்ததும் இதும் ஒண்ணுதானே சார்?"

நியாயமான கேள்வி. பெத்தவங்கள இப்படி ஊரு பாக்க வைக்கலாமான்னு அங்கயும் கேட்டாங்க. நான் அவனோட வீடியோவ திரும்பப் போட்டுப் பாக்கச் சொன்னேன். 40 செகண்ட், தரையில ஒரு ஆளு, அவ்ளோதான். அம்மா இல்ல, அடுப்பு இல்ல, எடுத்த இவனோட கோவம் இருக்கு ஆனா இவன் இல்ல. பில்லிங்ஹாம் படத்துல வீடு மொத்தமும் இருக்கு, குடிய சுத்தி எல்லாரும் எப்படி ஒக்காந்து பழகிட்டாங்கன்னு தெரியுது. குடி ஒரு ஆளுக்கு வந்த வியாதிதான், ஆனா அதோட நேரங்காலத்துக்கு ஏத்தபடி வீடே மாறிப்போயிரும்.

அந்தப் பையனோட தங்கச்சி அஞ்சாவது படிக்குது. வீட்ட வரையச் சொல்லி க்ரேயான் குடுத்தேன். வரைஞ்ச படத்துல மனுசங்க எல்லாம் எறும்பு சைசு, ஆனா கதவு தாழ்ப்பாள் மட்டும் பாதிப் பேப்பர். அப்பறந்தான் தெரியுது, ராத்திரி அப்பா வந்து தட்டுனா எந்திரிச்சு தாழ்ப்பாள் தெறக்குறது அந்தப் புள்ளையோட வேலையாம், அதனால அது 11 மணி, 12 மணி வரைக்கும் கண்ண மூடாம படுத்திருக்குமாம். அம்மாவுக்கே அது தெரியாது. பேப்பர கையில வச்சுக்கிட்டு அழுதாங்க.

இன்னொரு பக்கம் மூடி மறைக்கிற வீடுகளும் இருக்கு. அமெரிக்காவுல நேன் கோல்டின்ங்கிற ஒரு பெண் போட்டோகிராபர், 1965ல அவங்களுக்கு 11 வயசு, 18 வயசு அக்கா தற்கொலை செஞ்சுகிட்டாங்க, வீட்ல அத விபத்துன்னே சொல்லிரலாம்னு பாத்தாங்க. அந்த மறைப்ப எதுத்துதான் அவங்க வாழ்க்க முழுக்க தன்னையும் நண்பர்களையும் போதை, அடி, காதல் எல்லாத்தோடயும் ஒளிக்காம எடுத்தாங்க. 2014ல ஒரு ஆபரேஷனுக்கு டாக்டர் எழுதுன வலி மாத்திரைக்கே அடிமையாகி, 2017ல சிகிச்ச எடுத்து வெளிய வந்தாங்க. 2018 மார்ச்ல, அந்த மாத்திரைய தயாரிச்ச கம்பெனியோட சொந்தக்கார சாக்லர் குடும்பத்து பேர் இருந்த நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்து கூடத்துக்குள்ளயே, தண்ணித் தொட்டியில மாத்திர டப்பாக்கள வீசி போராட்டம் பண்ணாங்க. 2021 டிசம்பர்ல அந்தப் பேர எடுத்துட்டாங்க. இத ஏன் சொல்றேன்னா நம்ம பக்கமும் பசங்க வலி மாத்திரைய பொடிச்சு கரைச்சு ஊசியில ஏத்துறாங்க. மாத்திரையில இருக்கிற மாவு ரத்தத்துல கரையாது, கொழாய அடைக்கும், கை காலு அழுகிப்போற அளவுக்குப் போகலாம். வீட்ல தெரிஞ்சாலும் "தம்பிக்கு காய்ச்சல்"னு சொல்லி மூடிர்றாங்க.

போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயந்து மறைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ பிரிவு இருக்கு, பயன்படுத்துறவங்க, சின்ன அளவு வச்சிருந்தவங்க தானா முன்வந்து அரசு நடத்துற இல்ல அங்கீகரிச்ச மையத்துல சிகிச்சைய முழுசா எடுத்தா வழக்குல இருந்து பாதுகாப்பு உண்டு. 14446 போதை மீட்பு உதவி எண், காசு கெடையாது. மனசு சம்பந்தமா பேச 14416.

அப்பறம் தெனமும் குடிக்கிறவர ரூம்ல பூட்டி ஒரேடியா நிறுத்தாதீங்க, ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல கைநடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, உயிருக்கே ஆபத்து. குடிய நிறுத்தும்னு சொல்ற பொடிய அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்காதீங்க. குடிய விடணும்னு கோயில்ல கயிறு கட்டப் போறவங்கள நான் தடுக்கிறதில்ல, கட்டுறதுக்கு முன்னாடி டாக்டர பாத்துருங்கன்னுதான் கெஞ்சிக் கேக்குறேன். சங்கிலியில போட்டா சரியாயிரும்னு இன்னும் கேக்குறாங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி, மனநலம் பாதிச்சவங்கள வச்சிருந்த காப்பகத்துல சங்கிலியில கட்டிப்போட்டிருந்தவங்க 28 பேர் தீயில போனாங்க. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்துக்கிட்டு அத மறக்கக்கூடாது.

அந்த அக்காவோட வீட்டுக்காரரு இப்ப குடிய விடுறதுக்கான மாத்திரையில இருக்காரு, நடுவுல ரெண்டு தடவ திரும்ப குடிச்சாரு, திரும்ப வந்தாரு. மகன் குரூப்புல மன்னிப்புக் கேட்டான், அப்பா ஒண்ணும் சொல்லல. போன வாரம் வந்தப்ப போன்ல ஒரு படம் காமிச்சான். விடியக்கால வெளிச்சம், அம்மா கைய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க, அப்பா பழைய கைலிய நீள நீளமா கிழிச்சு அவங்க விரல்ல சுத்திக்கிட்டு இருக்காரு. ஓரத்துல தாழ்ப்பாள் போடாத கதவு.

"யாருக்கும் அனுப்பல சார், அப்பாட்ட மட்டும் காமிச்சேன்"னான்.