கெஹென்னா: நரகத்துக்குப் பெயர் தந்த பள்ளத்தாக்கு

புதிய ஏற்பாட்டில் ‘நரகம்’ என்று நாம் வாசிக்கும் இடங்களில், ஒன்றைத் தவிர மற்றவற்றில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் கெஹென்னா. மொத்தம் 12 இடங்கள். யாக்கோபு நிருபத்தில் வரும் ஒன்றைத் தவிர எல்லாம் இயேசு சொன்னதாக வருபவை.

சொல்லின் வேர் எபிரெயம்: கே ஹின்னோம், இன்னோமின் பள்ளத்தாக்கு. பழைய எருசலேமுக்குத் தெற்கே இன்றும் இருக்கிற இடம்தான். அங்கே தோப்பேத் என்ற மேட்டில் பிள்ளைகளை மோளேகு என்ற தெய்வத்துக்குத் தீயில் பலியிட்டார்கள். ஆகாஸ், மனாசே என்ற இரண்டு யூதா ராஜாக்களே தங்கள் பிள்ளைகளை அப்படிக் கொடுத்ததாக நாளாகமம் சொல்கிறது. யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி வழக்கத்தை நிறுத்தினார். இனி அதன் பெயர் ‘சங்காரப் பள்ளத்தாக்கு’ என்றார் எரேமியா தீர்க்கதரிசி. இயேசுவின் காலத்துக்குள் அது தீயவர்கள் அடையும் முடிவின் பெயராகவே மாறியிருந்தது.

பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு விளக்கம் உண்டு: அது ஊர்க் குப்பையை எரித்த இடம், தீ அணையாமல் புகைந்துகொண்டே இருந்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதை முதலில் எழுதியவர் கி.பி. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியர். அவருக்கு முந்தைய எழுத்துச் சான்றோ அகழாய்வுச் சான்றோ இல்லை. பிள்ளைப்பலியின் நினைவே இந்தப் பெயருக்குப் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நரகம்’ வடமொழி வழி வந்த சொல். வினை தீர்ந்ததும் உயிர் அங்கிருந்து வெளியே வந்துவிடும் என்பது இந்து, சமண, பௌத்த வழக்கு. கிறிஸ்தவர்கள் அதே சொல்லில் ‘நித்தியம்’ என்ற பொருளை ஏற்றினார்கள். தூய தமிழில் வேண்டுமென்றால் திருக்குறளின் ‘அளறு’ இருக்கிறது. ஆனால் அளறு என்றால் சேறு, அழுந்துகிற இடம், கெஹென்னாவோ நெருப்பு. எனக்கு அது ஒட்டவில்லை. தமிழ் பைபிளில் வரும் ‘எரிநரகம்’ பொருத்தமானது. மத்தேயு 5:22-இல் கிரேக்கத்திலேயே ‘நெருப்பின் கெஹென்னா’ என்றுதான் இருக்கிறது. ‘எரி’ மொழிபெயர்ப்பாளர் சேர்த்த அலங்காரம் இல்லை.

இதோடு குழப்பக்கூடாத சொல் பாதாளம். அது எபிரெய ஷேயோல், கிரேக்க ஹேடீஸ்: செத்தவர்கள் போய்ச் சேரும் இடம். ஆங்கிலத்தின் பழைய கிங் ஜேம்ஸ் பைபிள் ஹேடீஸ், கெஹென்னா இரண்டையும் பெரும்பாலும் ‘ஹெல்’ என்றே எழுதிவிட்டது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பிரித்தே வைத்திருக்கிறது (சங்கீதம் 9:17 போன்ற சில இடங்கள் விதிவிலக்கு). விசுவாசப் பிரமாணத்திலும் இயேசு ‘பாதாளத்தில்’ இறங்கினார் என்றுதான் சொல்கிறோம். வெளிப்படுத்தல் 20:14-இல் பாதாளமே அக்கினிக்கடலில், அதாவது கெஹென்னாவில், தள்ளப்படுகிறது. இரண்டும் ஒன்றென்றால் அந்த வசனத்துக்கு அர்த்தமே இல்லை.

கெஹென்னாவில் ஆத்துமாவுக்கு என்ன ஆகும் என்பதில்தான் சண்டை. ‘ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவர்’ என்கிறது மத்தேயு 10:28. அந்த ‘அழிக்க’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தீயவர்கள் இல்லாமலே போவார்கள் என்கிறார்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள். ஆங்கிலிக்கப் போதகர் ஜான் ஸ்டாட்டும் 1988-இல் அந்தப் பக்கம் சாய்ந்தார். பழங்காலச் சபையின் ஆயர் அகஸ்டின் இதற்கு நேர் எதிர். மத்தேயு 25:46-இல் ‘நித்திய ஜீவன்’ முடிவில்லாதது என்றால், அதே வசனத்தின் ‘நித்திய ஆக்கினை’யும் முடிவில்லாததே என்றார். மேற்கத்திய சபையில் இன்றுவரை பெரும்பான்மை அவர் பக்கம்தான். அவருக்கும் முந்தைய கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் மூன்றாவது வழி: தீ சுத்திகரிக்கும், கடைசியில் எல்லோரும் கடவுளிடம் திரும்புவார்கள். அவர் பெயரில் வழங்கிய போதனையை 6-ஆம் நூற்றாண்டில் சபை கண்டித்தது. ஆனால் ஏறக்குறைய அதையே சொன்ன பழங்கால ஆயர் நீசாவின் கிரகோரி இன்றும் புனிதர் பட்டியலில் இருக்கிறார்! கத்தோலிக்க மறைக்கல்வி நரகம் நித்தியம் என்றே சொல்கிறது; ஆனால் கடவுளிடமிருந்து மனிதன் தானே விலகிக்கொள்ளும் நிலை என்று அதை வரையறுக்கிறது.