இரண்டு சி நீட்சிகள், ஒரே தரவு: பைத்தானின் கேப்சூல்

சி-யில் எழுதிய இரண்டு பைத்தான் நீட்சிகள் (பைத்தான் இம்போர்ட் செய்யும் சி மாட்யூல்கள்) ஒரே ஹெடர் கோப்பைப் (பல சி கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்புகள்) பயன்படுத்துகின்றன. அந்த ஹெடரில் ஒரு ஸ்டேட்டிக் கவுண்டர் இருக்கிறது. முதல் நீட்சி அதை 5 ஆக்குகிறது. இரண்டாவது எடுத்துப் பார்த்தால் 0. ஹெடரில் எழுதிய ஸ்டேட்டிக் மாறி, அதைச் சேர்த்துக் கம்பைல் ஆகும் ஒவ்வொரு சி கோப்பிலும் தனிப் பிரதியாகிவிடுகிறது. பெயர் ஒன்று, நினைவக முகவரி வேறு.

ஸ்டேட்டிக்கை எடுத்துவிட்டால்? லினக்ஸில் பைத்தான் ஒரு நீட்சியை ஏற்றும்போது, அதற்குள் இருக்கும் பெயர்கள் அடுத்த நீட்சிக்குத் தெரியாதபடிதான் ஏற்றும். அதைத் தளர்த்தவும் வழி உண்டு. ஆனால் சம்பந்தமே இல்லாத இரு நூலகங்களில் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால், ஒன்றுக்குப் பதில் மற்றது ஓடக்கூடும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

சரி, இரண்டுக்கும் பொதுவாக என்னதான் இருக்கிறது? பைத்தான் இருக்கிறது. ஒரு சி முகவரியைப் பைத்தான் பொருளாகப் பொதிந்து, மாட்யூலின் ஒரு பண்பாக வைத்துவிட்டால், மற்ற நீட்சி அந்த மாட்யூலை இம்போர்ட் செய்து முகவரியை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பொருள்தான் கேப்சூல். பைத்தான் 2.7, 3.1 பதிப்புகளில் வந்தது. அதற்கு முன்பிருந்த சி-ஆப்ஜெக்டில், உள்ளே இருப்பது யாருடைய முகவரி என்று சரிபார்க்க வழியில்லை. கேப்சூலுக்கு ஒரு பெயர் உண்டு. கேட்கும் பெயர் பொருந்தாவிட்டால் முகவரி கிடைக்காது, பிழைதான் வரும்.

எண் அணிகளைக் கையாளும் நம்பை (NumPy) நூலகத்தை நம்பியிருக்கும் சி நீட்சிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. நம்பை தன் ஃபங்ஷன்களின் முகவரிகளை ஒரு பட்டியலாக்கிக் கேப்சூலில் வைத்திருக்கிறது. நீட்சி தொடங்கும்போது ‘இம்போர்ட் அர்ரே’ என்ற மேக்ரோ அந்தப் பட்டியலின் முகவரியை எடுத்து ஒரு மாறியில் போடுகிறது. பிறகு சி-யில் அழைக்கும் நம்பை ஃபங்ஷன்கள் எல்லாம் அந்தப் பட்டியல் வழியாகத்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், அந்த மாறியும் வழக்கமாக ஸ்டேட்டிக்! நீட்சியை இரண்டு சி கோப்புகளாகப் பிரித்துவிட்டு ஒன்றில் மட்டும் மேக்ரோவை அழைத்தால், இன்னொன்றில் அந்த மாறி எந்த முகவரியும் இல்லாமல் வெறுமையாகவே (NULL) இருக்கும். முதல் அழைப்பிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான நினைவகத்தைத் தொட்டு நிரல் நின்றுவிடும். எல்லாக் கோப்புகளிலும் நீட்சிக்கென ஒரு தனிப் பெயரை மேக்ரோவாக அறிவித்து, ‘இம்போர்ட் அர்ரே’யை அழைக்காத கோப்புகளில் அதைச் சொல்லும் இன்னொரு மேக்ரோவையும் (NO_IMPORT_ARRAY) வைத்தால், எல்லாம் ஒரே மாறியைப் பகிரும்.

கேப்சூல் பெயரைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதன் அமைப்பைப் பார்க்காது. அதனால் நம்பை தனியாக ஒரு பதிப்பு எண்ணையும் ஒப்பிடுகிறது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, 1.x-ஐ வைத்துக் கம்பைல் செய்த நீட்சிகளை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது இதே வகைச் சிக்கலால்தான்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தலைவலி: பகிரக் கூடாதது பகிரப்படுகிறது. பைத்தான் 3.12 முதல் ஒரே ப்ராசஸில் ஓடும் துணை இன்டர்பிரெட்டர்கள் (பைத்தான் நிரலை இயக்கும் தனித்தனிச் சூழல்கள்) தனித்தனி ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைத்தான் நிரலை இயக்க விடும் பூட்டு) வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீட்சியின் கோப்பு நினைவகத்தில் ஒருமுறைதான் ஏறும். அதன் ஸ்டேட்டிக் மாறிகளை எல்லா இன்டர்பிரெட்டர்களும் ஒரே நேரத்தில் தொடலாம், நடுவில் பூட்டு எதுவும் இருக்காது. ஆகவே புதிதாக எழுதுபவர்கள் தரவை மாட்யூல் பொருளுக்குள்ளேயே வைக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு இன்டர்பிரெட்டருக்கும் தனிப் பிரதி கிடைக்கும்.