"உங்க வீக்னெஸ் என்ன?"ன்னு கேட்டா உண்மைய சொல்றது ஏன் வேலை செய்யுது

காலேஜ் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங் போன யாருக்கும் இந்த ரெடிமேட் பதில் தெரிஞ்சிருக்கும். ஹெச்ஆர் ரவுண்டுல வீக்னெஸ் கேட்டா "நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார், சரியா வர்ற வரைக்கும் விடமாட்டேன்"னு சொல்லணும், இல்லன்னா "வேலைல உக்காந்தா நேரம் போறதே தெரியாது மேடம்". அதாவது குறைய கேட்டா ஒரு நிறைக்கு குறை வேஷம் போட்டு நீட்டணும், இதத்தான் வருஷா வருஷம் பசங்களுக்கு மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. இது நல்ல யோசனை இல்லன்னு சோதனை பண்ணிப் பாத்தே சொல்லியிருக்காங்க.

2018ல ஓவுல் செஸர், ஃபிரான்செஸ்கா ஜினோ, மைக்கேல் நார்ட்டன் மூணு பேரும் இதப்பத்தி ஒரு ஆய்வுப் பேப்பர் போட்டாங்க. அதுல ஒரு சோதனைல காலேஜ் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட இதே கேள்விய குடுத்து பதில் எழுதச் சொன்னா, முக்கால்வாசிக்கு மேல எழுதுனது இந்த வேஷம் போட்ட பெருமைதான். பெர்ஃபெக்‌ஷன், ஓவர் உழைப்பு, ரொம்ப நல்ல மனசுன்னு. அந்தப் பதில்கள படிச்சவங்க யார வேலைக்கு எடுக்க விரும்புனாங்கன்னு பாத்தா, நிஜக் குறைய சொன்னவங்களத்தான். அதே பேப்பர்ல இன்னொரு விஷயமும் வந்துச்சு, நேரடியா பெருமை பேசுறவங்கள விடவும் இப்படி சுத்தி வளைச்சு பேசுறவங்கள ஜனங்களுக்கு பிடிக்கல, காரணம் அதுல ஒரு போலித்தனம் தெரியுது. (ஜினோவோட வேற சில பேப்பர்கள் டேட்டா சிக்கலால வாபஸ் ஆச்சு, இது அந்த லிஸ்ட்ல இல்ல. ஆனாலும் இந்த ஒரு பேப்பர மட்டும் நம்பி நான் பேசல, இதே திசைல பழைய ஆய்வுகள் நிறைய இருக்கு.)

சரி, குறைய சொன்னா ஏன் நல்ல பேர் வருது? காய்கறிக்காரம்மா "இந்த தக்காளி நாளைக்கு தாங்காது, இன்னைக்கே சமைக்கிறதா இருந்தா எடுத்துக்கோ"ன்னு சொன்னா, அதுக்கப்புறம் அவங்க "கத்திரிக்கா நல்லாருக்கு"ன்னு சொன்னா நாம நம்பிடுவோம்ல. தனக்கு நஷ்டம் வர்ற ஒரு விஷயத்த ஒருத்தர் தானா சொல்லும்போது அதுல பொய் இருக்காதுன்னு நம்ம மூளை எடுத்துக்குது, அந்த நம்பிக்கை அவர் அடுத்து சொல்றதுக்கும் தொத்திக்குது. இன்டர்வியூ எடுக்குறவர் அரை மணி நேரமா கேக்குறது பூரா நீங்க உங்களப் பத்தி சொல்ற நல்ல விஷயம்தான், அதுல எது நிஜம் எது ஜோடனைன்னு பிரிக்க அவர்கிட்ட பெருசா கருவி எதுவும் இல்ல, அதனால நீங்க ஒத்துக்கிற ஒரு நிஜக் குறை மத்த எல்லாத்துக்கும் சாட்சி மாதிரி ஆயிடுது.

கோர்ட்லயும் இது நடக்குது. கிப்ளிங் வில்லியம்ஸும் கூட இருந்தவங்களும் 1993ல மாதிரி வழக்குகள வச்சு பாத்தாங்க, குற்றம் சாட்டப்பட்டவருக்கு பாதகமான தகவல எதிர்த்தரப்பு சொல்றதுக்கு முன்னாடி அவர் தரப்பு வக்கீலே சொல்லிட்டா அதோட அடி குறையுது. ரெஸ்யூம்ல ஒரு வருஷ கேப் இருந்தா, அரியர் இருந்தா, அவங்க கண்டுபுடிச்சு கேக்குற வரைக்கும் காத்திருக்காம நீங்களே முன்னாடி சொல்லிடுறது நல்லதுன்னு நான் நினைக்கிறது இதனாலதான்.

ஆனா உண்மைய சொன்னா எல்லாருக்கும் நல்லது நடக்கும்னு எடுத்துக்காதீங்க. எலியட் ஆரன்சன் குழு 1966ல மினசோட்டா யூனிவர்சிட்டில ஒரு சோதனை பண்ணாங்க. க்விஸ் போட்டிக்கு ஆள் எடுக்குற இன்டர்வியூன்னு சொல்லி ஸ்டூடண்ட்ஸ்கிட்ட ஆடியோ டேப் போட்டு கேக்க வச்சாங்க. ஒரு டேப்ல வர்றவர் கஷ்டமான கேள்விகள்ல 92 சதவீதம் சரியா சொல்றார், ஸ்கூல்லயும் நல்லா படிச்சவர், இன்னொரு டேப்ல வர்றவர் 30 சதவீதம்தான். ரெண்டு பேருக்குமே இன்னொரு வெர்ஷனும் இருந்துச்சு, அதுல கடைசில கப் உருள்ற சத்தம், நாற்காலி நகர்ற சத்தம், புது கோட் மேல காபிய கொட்டிக்கிட்டேன்னு அவர் பதறுற குரல். கெட்டிக்காரர் காபி கொட்டுனப்ப அவர இன்னும் அதிகமா பிடிச்சுப்போச்சு, சுமாரானவர் அதையே பண்ணப்ப இருந்த மதிப்பும் இறங்கிடுச்சு. தப்பு ஒண்ணுதான், அதுக்கு முன்னாடி அந்த ஆளப்பத்தி என்ன எண்ணம் உக்காந்திருக்குங்கிறதுதான் வித்தியாசம்.

2017ல சீலியா மூர் குழு நிஜ வேலைக்கு விண்ணப்பிச்சவங்கள வச்சு பண்ண ஆய்வும் இங்கதான் வந்து நிக்குது. தன்ன உள்ளபடியே அடுத்தவங்க தெரிஞ்சுக்கணும்னு விரும்புற சுபாவம் இருக்கிறவங்கள பாத்தாங்க. தரமான கேண்டிடேட்ஸ்ல, அந்த சுபாவம் அதிகமா இருந்தா டீச்சர் வேலை கிடைக்கிற வாய்ப்பு 51 சதவீதத்துலருந்து 73க்கு போச்சு, அமெரிக்க ராணுவத்துக்கு வக்கீல் வேலைக்கு விண்ணப்பிச்சவங்களுக்கு 3லருந்து 17க்கு. தரம் கம்மியா இருந்தவங்களுக்கு அதே சுபாவம் கை குடுக்கல.

அப்ப எந்தக் குறைய சொல்றதுங்கிறது முக்கியம் ஆயிடுது. வேலையோட அடிமடியிலயே கை வைக்கிற குறை, உதாரணமா அக்கவுண்ட்ஸ் வேலைக்கு போய் "நம்பர்ல கவனம் சிதறும்"னு சொல்றது, காபி கொட்டுறது கிடையாது, அது 30 சதவீத மார்க். அதே சமயம் கெட்ட தகவல் நல்ல தகவல விட மனசுல ஆழமா பதியும், 2001ல பௌமெய்ஸ்டர் குழு இதுக்கான ஆதாரங்கள ஒண்ணா திரட்டிக் குடுத்தாங்க, அதனால ஒண்ணு போதும், கேட்டாங்கன்னு நாலு சொல்ல வேண்டாம்.

எனக்கு நல்லா பட்ட ஒரு பதில் எப்படி இருக்கும்னா: "டவுட் வந்தா சீக்கிரம் கேக்கமாட்டேன் சார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல, ரெண்டு நாள் நானே முட்டிக்கிட்டு இருந்தேன், டீம்ல ஒரு பொண்ணு வந்து பாத்துட்டு ஃபைல் பாத் தப்பா இருக்குன்னு பத்து நிமிஷத்துல சொல்லிட்டா. இப்பல்லாம் ஒரு மணி நேரம் பாப்பேன், முடியலன்னா கேட்டுருவேன்." இதுல குறை நிஜம், பழி அவர் மேலயே இருக்கு, டேட்டாபேஸ் செட் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்கிறதும் போற போக்குல வந்துடுது.

இதுக்கு மேல வர்றதுதான் உண்மையான சோதனை, அதாவது எதிர்பாக்காத அடுத்த கேள்வி. ஆல்டர்ட் வ்ரிஜ் குழு 2009ல ரெண்டு ரெண்டு பேரா ஆள் எடுத்தாங்க, சில ஜோடி நிஜமாவே ஹோட்டல்ல சேந்து சாப்ட்டவங்க, சில ஜோடி சாப்ட்ட மாதிரி பொய் சொன்னவங்க. வழக்கமான கேள்விக்கு பொய்க்காரங்களும் ஒத்துமையா பதில் வச்சிருந்தாங்க, ஹோட்டல் உள்ள எது எங்க இருந்துச்சுன்னு படம் வரையச் சொன்னப்பதான் ரெண்டு பேரோட படமும் ஒத்துப்போகல. அனுபவம் உள்ள ஹெச்ஆர் இதத்தான் பண்ணுவாங்க, "அப்ப உங்க கைடு என்ன சொன்னார்?", "அந்த ரெண்டு நாள்ல என்னென்ன ட்ரை பண்ணீங்க?"ன்னு தோண்டுவாங்க. நடந்தத சொன்னவருக்கு ஞாபகத்துலருந்து எடுத்தா போதும், கட்டுனவருக்கு அங்கயே உக்காந்து புதுசா கட்டணும். அதனால தயாராகுறப்ப வரிய மனப்பாடம் பண்றத விட்டுட்டு, சமீபத்துல உங்க குறையால நிஜமா சொதப்புன ஒரு நாள எடுத்து அன்னைக்கு என்ன நடந்துச்சு, யார் என்ன சொன்னாங்க, அப்புறம் நீங்க என்ன மாத்துனீங்கன்னு ஒரு ஃப்ரெண்ட்கிட்ட வாய்விட்டு சொல்லிப் பாருங்க, அவங்களையே குறுக்கு கேள்வி கேக்கச் சொல்லுங்க.