காசல்: கோட்டையா, மாளிகையா?

மலேசியாவின் பத்து காஜாவில், ஆற்றுப் பாலம் தாண்டி, கெல்லி காசல் என்ற பழைய பெரிய வீடு நிற்கும் மேட்டில் ஏறும்போதே தம்பி மகள் கேட்டுவிட்டாள்: "அத்தை, கோட்டைன்னா பீரங்கி எங்க?"

நல்ல கேள்விதான். பீரங்கியும் இல்லை, அகழியும் இல்லை. பூச்சு காணாத செங்கல் சுவர், வளைவு வளைவாகத் தாழ்வாரம், மின்தூக்கிக்கென்று விட்டு மின்தூக்கி வராமலே போன ஒரு பொந்து, இவைதான் இருக்கின்றன.

காசலைத் தமிழில் என்னவென்று சொல்வது? அது லத்தீன் வழி வந்த ஆங்கிலச் சொல் (castle). காஸ்ட்ரும் என்றால் படைமுகாம், காஸ்டெல்லும் என்றால் சிறிய அரண். மான்செஸ்டர், லங்காஸ்டர் பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பதும் அந்த முகாம்தான். பிரபு குடும்பத்தோடு வாழவும் வேண்டும், எதிரி வந்தால் தாக்குப்பிடிக்கவும் வேண்டும். அதுதான் காசல்.

கோட்டை அதில் பாதிதான். கோடுதல் என்றால் வளைதல். வளைத்துக் கட்டிய மதில் கோட்டை. உள்ளே யாராவது குடியிருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. (கோத்தா பாரு என்ற மலேசிய ஊர்ப் பெயரில் வரும் கோத்தாவும் இதற்குச் சொந்தம்தான், சமஸ்கிருதம் வழியாகச் சுற்றி வந்தது.) இரண்டு பாதியும் சேர்ந்த சொல் நம்மிடம் உண்டு: அரண்மனை. அரண், மனை. அச்சு அசலாகக் காசல்! ஆனால் வழக்கில் அரண் தேய்ந்து ராஜா வீடு மட்டும் மிஞ்சிவிட்டது. மலாய்க்காரர்கள் இஸ்தானா என்னும் ராஜா வீட்டைத்தான் இன்று அப்படிச் சொல்கிறோம்.

சரி, இதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் ராஜாவா? ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரப்பர் தோட்டத் துரை. 1915இல் தொடங்கிய வீடு, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததோடு நின்றுபோனது. கட்டியவர்களில் மதராசிலிருந்து வந்த நம் ஆட்களும் உண்டு. நோயில் ஆட்கள் விழ, மாரியம்மனுக்குக் கோயில் கேட்டு வாங்கினார்கள் என்பார்கள். பக்கத்திலிருக்கும் அந்தக் கோயிலின் கூரையில், தெய்வங்களுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாகத் துரையும் நிற்கிறார்.

எங்கள் பாட்டிக்கு இது 'துரை பங்களா'. பங்களா வங்காளத்துப் பாணி வீடு, இந்தக் கோபுரத்துக்கு ஒட்டாது. என் ஓட்டு மாளிகைக்கு: சண்டைக்கு இல்லாமல் சொகுசுக்கும் கம்பீரத்துக்கும் கட்டிய பெரிய வீடு. மலாய் மொழியில் மாஹ்லிகை ஆனதும் இதே சொல்தான். பெயரோடு அருங்காட்சியகம் என்று சேர்க்கலாமா? அரிய பொருள்களைக் காட்டும் அகம் அது. இங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பொருளே கட்டடம்தான்.

தம்பி மகள் பள்ளிக் கட்டுரைக்கு 'கெல்லி மாளிகை' என்று தலைப்பு வைத்தாள். கீழே சின்னதாக, 'பீரங்கி கிடையாது'.